மாமனாருக்கு ஆறடி

"இது ஆறடியா?" என்று கேட்டாள் மனைவி.

கட்டிலின் தலைமாட்டில் அவள் டேப்பைப் பிடித்திருந்தாள். கால்மாட்டில் மறுமுனையைப் பிடித்திருந்த மாப்பிள்ளைக்கு அதில் இருந்த எண் நன்றாகவே தெரிந்தது. தெரியாதவர் போலக் குனிந்து கட்டிலின் காலைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்க. ஆறடியா?"

"கிட்டத்தட்ட."

"அஞ்சு. வெறும் அஞ்சு. கடையில நல்லா அளந்து பாத்துத்தான் வாங்கினேன்னு சொன்னீங்களே?"

"அளந்தேனே! என் காலாலேயே அளந்தேன். குதிகால், விரல், குதிகால், விரல்னு இடைவெளி விடாம வெச்சேன். சரியா ஆறு அடி."

மனைவி அவருடைய பாதங்களைப் பார்த்தாள். செருப்புக் கடையில் பையன்களுக்கான அடுக்கிலேயே அவருக்கு அளவு கிடைத்துவிடும்.

"அடின்னா பாதம்தானே? பாதத்தால அளந்தா தப்பா?" என்றார் மாப்பிள்ளை.

"யார் பாதம்ங்கிறதுதான் கேள்வி."

எந்தக் காலத்திலோ யாரோ ஒரு பெரிய மனிதன் தன் பாதத்தைத் தரையில் ஊன்றி, இனி உலகம் இந்த அளவால்தான் அளக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்க வேண்டும். அந்தப் புண்ணியவானின் பாதத்துக்கு நம் மாப்பிள்ளையின் பாதம் இரண்டு அங்குலம் பற்றாக்குறை. ஆறு தடவை இரண்டு அங்குலம் போனதில் கட்டிலில் ஒரு முழு அடி காணாமல் போயிருந்தது. குழந்தைகள் கட்டிலைக் குழந்தைகள் கட்டில் என்று எழுதி வைக்காத கடைக்காரனை மாப்பிள்ளை மனசுக்குள் திட்டினார்.

கட்டில் குட்டையாக இருந்தது பெரிய விஷயமில்லை. போன வருஷம் அதில் மாமனார் படுத்ததுதான் பெரிய விஷயம். மாமனார் ரயில் என்ஜின் ஓட்டி ஓய்வு பெற்றவர். நல்ல உயரம். காலை நீட்டினால் முழங்காலுக்குக் கீழே எல்லாம் வெளியே இருந்தது. மேலே நகர்ந்து படுத்தால் தலைப்பலகையில் தலை இடித்தது. மறுநாள் காலையிலேயே பெட்டியை எடுத்துக்கொண்டு, "உன் வீட்டுல காலை நீட்டக்கூட இடமில்லையேம்மா" என்று மகளிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார். அன்றிலிருந்து மாப்பிள்ளையோடு பேச்சே கிடையாது. போனை மாப்பிள்ளை எடுத்தால், "அவ இல்லையா?" என்பார். இருக்கிறாள் என்றால் காத்திருப்பார். இல்லை என்றால் வைத்துவிடுவார். அவ்வளவுதான் உறவு.

இப்போது மாமனாருக்கு எழுபது வயது முடியப்போகிறது. பிறந்தநாளுக்கு இங்கே வர ஒப்புக்கொண்டிருந்தார். மகள் அழுது, கெஞ்சி, மிரட்டிச் சம்மதிக்க வைத்திருந்தாள்.

"இந்தத் தடவையும் அப்பா மனசு கசந்து போனாருன்னா இனிமே வரவே மாட்டார். எனக்கு இருக்கிறது அவர் ஒருத்தர்தான். பாத்துச் செய்யுங்க," என்றாள் மனைவி. குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். அவள் குரலை உயர்த்தியிருந்தால் மாப்பிள்ளைக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

மாப்பிள்ளைக்கு வேலை பார்சல் ஆபீஸில். மூட்டைகளையும் பெட்டிகளையும் எடை போட்டுச் சீட்டு ஒட்டி உள்ளே தள்ளுகிற வேலை. பக்கத்துக் கவுன்ட்டரில் இருப்பவருக்கு டைரக்டரி என்று பட்டப்பெயர். எந்த வேலைக்கும் அவரிடம் ஆள் உண்டு. எல்லாரையும் பெயரால் அல்ல, வேலையால்தான் போனில் பதிந்து வைத்திருப்பார். குழாய் ஆள், பூட்டு ஆள், பெயின்ட் ஆள், பல் ஆள். பல் ஆள் என்பவர் ஊரில் பெரிய டாக்டர்.

மூட்டைகளை இழுத்துச் செல்லும் பெல்ட் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலில் மாப்பிள்ளை கத்தினார்.

"யோவ், மாமனாருக்குப் பிறந்தநாள் வருது! ஆறடியில ஒண்ணு செஞ்சு குடுக்கணும்! மனுஷன் அசந்துடணும்! நல்ல ஆளாச் சொல்லு!"

கவனித்தீர்களா? கட்டில் என்ற சொல்லைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ராத்திரி பகலாகக் கட்டிலையே நினைத்துக்கொண்டிருந்தவருக்கு அதைத் தனியாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை.

டைரக்டரி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "இருக்காரு மாப்ள! அடியில அந்த ஆளை அடிச்சுக்க ஆளே கிடையாது. நம்பர் அனுப்பறேன். நானும் ஒரு வார்த்தை சொல்லி வெக்கிறேன்."

போனில் நம்பர் வந்து விழுந்தது. மேலே 'அடி ஆள்' என்று இருந்தது.

மாப்பிள்ளை மூட்டைகளுக்குப் பின்னால் போய் நின்று, ஒரு காதைப் பொத்திக்கொண்டு கூப்பிட்டார்.

"ஹலோ, அடி விஷயமாப் பேசறேன்."

"சொல்லுங்க, சொல்லுங்க. இப்பதான் உங்க நண்பர் சொன்னாரு. மாமனாருக்குத்தானே? எத்தனை அடி?" குரல் கணீரென்று இருந்தது.

"ஆறு."

"போதுமா? ஆள் எப்படி?"

"நல்ல உயரம். என்ஜின் டிரைவரா இருந்தவர்."

"ஆகா! உயரத்தை ஒரு அடியில வெச்சுடலாம்."

"ஒரு அடி பத்தாதுங்க. அவருக்கு முழங்கால் வலி. உக்காந்து எந்திரிக்கணும். ஒன்றரையாவது வேணும்."

"ஒன்றரையா? பாதி அடியில நிறுத்தினா நல்லாவா இருக்கும்? ரெண்டாவே வெச்சுடறேன். முழங்காலையும் மனசுல வெச்சுக்கறேன்."

மாப்பிள்ளைக்கு அந்த ஆளை உடனே பிடித்துப்போயிற்று. அடுத்து அந்தக் குரல் 'மர' என்று தொடங்கி ஏதோ கேட்டது. பெல்ட் இரைச்சலில் மிச்சம் விழவில்லை.

"ஆமாங்க, மரம்தான்! பழைய மாதிரிதான் வேணும். புதுசெல்லாம் அவருக்குப் பிடிக்காது."

"என் வழியும் அதுதான். கட்டுக்கோப்பா இருக்கும். நூறு வருஷமானாலும் நிக்கும்."

"ஆடி அசையக் கூடாதுங்க. போன தடவை அதுவும் ஒரு பிரச்சினை."

"அசையெல்லாம் சீரா நிக்கும், அது என் பொறுப்பு. தலை தட்டுமோன்னு மட்டும் பயப்படாதீங்க. என் கையில இதுவரைக்கும் ஒரு தடவைகூடத் தலை தட்டினதில்லை."

"அது போதுங்க! அவருக்குத் தலை தட்டாம இருந்தாலே போதும்!"

"வீடு எங்கன்னு சொல்லுங்க. பிறந்தநாள் அன்னிக்கு நானே வந்து, எல்லார் முன்னாடியும் அவருக்குக் குடுத்துட்டுத்தான் போவேன்."

மாப்பிள்ளை தெரு, வீடு, வாசல் கதவின் நிறம் எல்லாவற்றையும் விலாவாரியாகச் சொன்னார். வீட்டுக்கு விசிலடித்துக்கொண்டே போனார்.

மாமனார் வந்து இறங்கினார். மாப்பிள்ளை வாசலுக்கு ஓடி, "வாங்க மாமா" என்றார். மாமனார் அவர் தலைக்கு மேலாகப் பார்த்து, "அவ இல்லையா?" என்றார்.

கட்டில் வருகிற வரைக்கும் ஹாலில் மெத்தை விரித்தாயிற்று. "காலை நீட்ட முடியுதா அப்பா?" என்று மகள் கேட்டாள். "சுவர் வரைக்கும் நீட்ட முடியுது," என்றார். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டார். பிறந்தநாள் அன்றைக்குப் பாருங்கள் மாமா, என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

வினை சமையலறையில் ஆரம்பித்தது. மாப்பிள்ளை குளித்துக்கொண்டிருந்தபோது அவர் போன் அடித்தது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மனைவி எட்டிப் பார்த்தாள். 'அடி ஆள்' என்ற இரண்டு சொற்களுக்கு நடுவே இருந்த இடைவெளி அவள் கண்ணில் படவில்லை. அவள் படித்தது அடியாள். போனை எடுத்துக் காதில் வைத்தாள்.

"அம்மாங்களா? ஐயாவுக்கு ஆறடி கேட்டிருந்தாரு உங்க வீட்டுக்காரர். அதுல அடங்க மாட்டார் போலிருக்கு. எட்டாக் குடுத்துடறேன்னு சொல்லிடுங்க. சும்மா சொல்லக் கூடாது, பெரியவர் ஒவ்வொரு அடிக்கும் தகுதியானவர்."

பால் அடிப்பிடித்த வாசனை வீடு முழுக்க வந்தது. அவள் அடுப்பை அணைக்கவில்லை. தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்த கணவன் முன்னால் போய் நின்றாள்.

"எங்கப்பாவை அடிக்க ஆள் வெச்சிருக்கீங்களா?"

"என்னது?"

"அடியாள்னு பேரே போட்டு வெச்சிருக்கீங்க! எட்டு அடி குடுக்கறானாம்! பேசாம இருந்தது அவ்வளவு பெரிய குத்தமா?"

"ஐயோ, அது தச்சர்! கட்டிலுக்குச் சொல்லியிருக்கேன். ஆறடிக் கட்டில். அப்பாவுக்கு ஆச்சரியமா இருக்கட்டும்னு உன்கிட்டகூடச் சொல்லல."

"தச்சர் எதுக்கு எங்கப்பா ஒவ்வொரு அடிக்கும் தகுதியானவர்ங்கிறான்?"

மாப்பிள்ளை உடனே டைரக்டரியைக் கூப்பிட்டார். டைரக்டரி அன்றைக்கு லாரியோடு வெளியூர் போய்க்கொண்டிருந்தார்.

"யோவ், நீ நம்பர் குடுத்த ஆள் தச்சர்தானே?"

"தச்சரா?" டைரக்டரி விழுந்து விழுந்து சிரித்தார். "அவருக்கு ஒரு ஆணிகூட அடிக்கத் தெரியாது மாப்ள! தச்சர்னு நீ எப்பய்யா சொன்னே? மாமனார் பிறந்தநாளைக்கு ஆறடின்னே, ஆள் அசந்துடணும்னே. அவர் அடியே வேற மாதிரி இருக்கும். போன மாசம் நம்ம மேனேஜருக்குக் குடுத்தாரு பாரு, மேடையிலேயே மனுஷன் அப்படியே..."

லாரி மலைப்பாதையில் ஏறியிருக்க வேண்டும். தொடர்பு அறுந்தது. அதற்குப் பிறகு எத்தனை தடவை கூப்பிட்டும் கிடைக்கவில்லை.

மாப்பிள்ளை ஈரத் துண்டோடு நாற்காலியில் உட்கார்ந்தார். போன மாதம், தான் லீவில் இருந்தபோது, ஓய்வு பெற்ற மேனேஜர் அதற்குப் பிறகு ஆபீஸ் பக்கமே வரவில்லை என்பது இப்போதுதான் அவர் நினைவுக்கு வந்தது. பாதமும் அடி, நீளமும் அடி, பால் பாத்திரத்தின் கீழ்ப்பக்கமும் அடி, முதுகில் விழுவதும் அடி. இத்தனைக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இந்த ஜனங்கள் எப்படித்தான் இவ்வளவு காலம் உயிரோடு இருக்கிறார்களோ என்று அவருக்கு ஆத்திரம் வந்தது.

"போலீஸுக்குப் போங்க," என்றாள் மனைவி.

"போய்? மாமனாரை அடிக்க ஆள் வெச்சது நான்தான், வீட்டு விலாசம் குடுத்ததும் நான்தான், ஆனா கட்டில்னு நினைச்சேன்னு சொல்லட்டுமா? எனக்கே நம்ப முடியலையே."

"அப்ப அந்த ஆளையே கூப்பிட்டு வேண்டாம்னு சொல்லுங்க!"

கூப்பிட்டார்.

"வாங்க மாப்பிள்ளை சார்! வேலை நல்லாப் போயிட்டிருக்கு. முதல் அடி விழுந்துடுச்சு."

மாப்பிள்ளை திரும்பி ஹாலைப் பார்த்தார். மாமனார் முழுசாக உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"எங்க விழுந்துச்சு?"

"நேத்து சாயந்தரம் பார்க்ல. பெரியவர் உங்க வீட்டுலேருந்து கிளம்பி நடக்க வந்தாரே, பின்னாலயே போனேன். அந்த நடையைப் பாத்ததும் தானா விழுந்துடுச்சு."

"அவர் ஒண்ணும் சொல்லலையே!"

"அவருக்குத் தெரியாமப் பாத்துக்கிட்டேன். முன்னாடியே தெரிஞ்சுட்டா பிறந்தநாள் அன்னிக்கு என்ன சுவாரசியம்?"

"வேண்டாங்க. நிறுத்திடுங்க. தயவுசெஞ்சு நிறுத்திடுங்க."

"முதல் அடி விழுந்ததுக்கு அப்புறம் நிறுத்தறதா? என் கை நிக்காதுங்க. அடுத்தடுத்தது அதுவா வந்து விழும்."

"அப்ப குறைச்சுக்குங்க. ரெண்டடி போதும்."

"ரெண்டடியில ஆளைச் சாய்க்கிறது பெரியவங்க வேலை. எனக்கு அந்தத் திறமை இல்லைன்னு ஒத்துக்கறேன். எட்டடி இருந்தாத்தான் தொடையெல்லாம் நல்லா விழும்."

"தொடையா?"

"தொடையில கோட்டை விட்டுட்டா அப்புறம் எவ்வளவு அடி இருந்து என்ன? சுத்தி நிக்கிறவங்களுக்கு அந்த ஓசை காதுல ரீங்காரம் பாடணும். கடைசி அடியில பெரியவர் கண்ணுல தண்ணி வரணும். வர வெச்சுக் காட்டறேன், பாருங்க."

மாப்பிள்ளை போனை வைத்தார். அவர் முகத்திலேயே எல்லாம் எழுதியிருந்தது.

அன்று சாயந்தரம் மாமனார் நடக்கக் கிளம்பினார். மாப்பிள்ளை வாசலை மறித்து நின்றார்.

"மாமா, வெளிய வெயில்."

மாமனார் மகளைப் பார்த்து, "மேகமா இருக்குன்னு சொல்லு," என்றார்.

"அப்ப மழை வரும் மாமா."

"குடை இருக்குன்னு சொல்லு."

வேறு வழி தெரியாமல் மாப்பிள்ளை தன் ஹெல்மெட்டை எடுத்து நீட்டினார். "இதைப் போட்டுக்கிட்டுப் போங்க மாமா. எதுக்கும் நல்லது."

எழுபது வயதை எட்டுகிற மனிதர் அந்த ஹெல்மெட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு திரும்பிப் போய் ஜன்னலோரம் உட்கார்ந்தார். மாப்பிள்ளை ஓடிவந்து ஜன்னலைச் சாத்தி, நாற்காலியை மாமனாரோடு சேர்த்து நடு ஹாலுக்கு இழுத்தார்.

அவ்வளவுதான். மாமனார் எழுந்து நின்றார். "நடக்கப் போகக் கூடாது, ஜன்னல்கிட்ட உக்காரக் கூடாது, தலையில சட்டியைக் கவுத்துக்கணும். இது வீடா, ஜெயிலாம்மா? போன தடவை காலை நீட்டத்தான் இடமில்ல. இந்தத் தடவை மூச்சு விடவே இடமில்ல. நான் காலையில கிளம்பறேன்."

"அப்பா, நாளைக்கு உங்க பிறந்தநாள்!"

"பிறந்தநாளை ரயில்ல கொண்டாடிக்கறேன்."

மனைவி அழ ஆரம்பித்தாள். மாப்பிள்ளை வாசல் தாழ்ப்பாளைச் சரிபார்த்துவிட்டு வந்தார். இந்த மனிதர் இருந்தாலும் ஆபத்து, வெளியே போனால் அதைவிட ஆபத்து. பின்னாலேயே நடக்கிறவன் ஸ்டேஷன் வரைக்கும் நடக்க மாட்டானா?

மறுநாள் காலையில் மாமனார் பெட்டியைக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார். செருப்பைக் காணவில்லை. மாப்பிள்ளை அதை விடிவதற்கு முன்பே துணி துவைக்கும் மெஷினுக்குள் போட்டு மூடியிருந்தார். அந்த வீட்டில் இருந்த வேறு எந்தச் செருப்பிலும் மாமனாரின் பாதம் பாதிக்கு மேல் நுழையாது. மாப்பிள்ளையின் செருப்பில் கட்டைவிரலும் அதற்குத் துணையாக இன்னொரு விரலும் நுழைந்தன.

"நேத்துகூட இங்கதான் இருந்தது," என்றார் மாமனார்.

"தேடறேன் மாமா," என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளை குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார்.

கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால், அவருக்கு மாமனாரைப் பிடிக்கவே பிடிக்காது. அந்த உயரம் பிடிக்காது, அந்த மூக்கு பிடிக்காது, 'அவ இல்லையா' பிடிக்கவே பிடிக்காது. ஆனால் அந்த நீளமான மனிதரை எவனோ நடு வீட்டில் போட்டு அடிப்பதையும், தன் மனைவி அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதையும் நினைத்தபோது அவரால் பொறுக்க முடியவில்லை. தப்பு செய்தது தன் வாய். வாங்க வேண்டியதும் தான்தான் என்று முடிவு செய்தார். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு கூப்பிட்டார். தண்ணீர் சத்தத்தில் அவரே கத்த வேண்டியதாயிற்று.

"சார், நிறுத்த முடியாதுன்னா விடுங்க. ஆனா மாமனாருக்கு வேண்டாம். அந்த எட்டடியையும் எனக்கே குடுத்துடுங்க."

மறுமுனையில் காகிதம் சரசரத்தது.

"உங்களுக்கா?"

"எனக்குத்தான். ஒண்ணு குறையாம. அவர் பெரியவர், முழங்கால் வலி உள்ளவர். அவர் மேல ஒண்ணுகூட வேண்டாம். எல்லாம் என் மேலயே இருக்கட்டும்."

"இத்தனை வருஷத்துல இப்படி ஒருத்தர் கேட்டதில்லைங்க," என்றது குரல். "மத்தவங்களுக்குக் கேப்பாங்க. எனக்கே குடுன்னு வாய்விட்டுக் கேக்க ஒரு துணிச்சல் வேணும். சரி, உங்க விருப்பம். சாயந்தரம் வந்துடறேன்."

மாப்பிள்ளை கதவைத் திறந்தார். வெறுங்காலோடு மாமனார் நின்றுகொண்டிருந்தார். செருப்பைத் தேடிக்கொண்டு வந்தவர் எவ்வளவு நேரமாக அங்கே நின்றாரோ தெரியாது. அவர் திரும்பிப் போய்ப் பெட்டியைத் திறந்து, மடித்து வைத்த சட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தார். பிறகு மகளைக் கூப்பிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு ஏதோ விசாரித்தார்.

சாயந்தரம் மேஜை மேல் கேக் இருந்தது. யாரும் அதன் பக்கம் போகவில்லை. மாப்பிள்ளை இரண்டு ஸ்வெட்டரும் அதன் மேல் ஒரு கோட்டும் போட்டிருந்தார். கோட்டுக்குள் முதுகில் ஒரு தலையணையை மனைவி சேலைத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தாள். தொடைகளுக்குத் துண்டுகளைச் சுற்றியிருந்தார். வேர்த்துக் கொட்டியது.

"வலிச்சா கத்துங்க, மானம் பாக்காதீங்க," என்றாள் மனைவி. அவள் கண் சிவந்திருந்தது. "ஒரு கட்டில் வாங்கத் தெரியலையே உங்களுக்கு."

"கட்டில்தான் குட்டை. உங்கப்பா மேல இருக்கிற மரியாதை ஆறடிக்கு மேலதான்னு பின்னாடி அவர்கிட்ட சொல்லு."

அழைப்பு மணி அடித்தது.

மாப்பிள்ளை ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். "அப்பாவை உள்ள கூட்டிட்டுப் போ. என்ன சத்தம் கேட்டாலும் வெளிய விடாதே." மனைவி உள் அறைக் கதவைச் சாத்தினாள். அவர் ஒரு தடவை மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு வாசல் கதவைத் திறந்தார்.

வெளியே நின்றவன் ஒல்லியாக இருந்தான். கண்ணாடி போட்டிருந்தான். இந்த உடம்பை வைத்துக்கொண்டு மேனேஜரை எப்படிச் சாய்த்தான் என்று மாப்பிள்ளைக்கு ஆச்சரியமாக இருந்தது. அப்புறம்தான் அவன் அக்குளில் இருந்ததைப் பார்த்தார். துணியில் சுற்றிய, நீளமான ஏதோ ஒன்று.

"மாப்பிள்ளை சாரா? எங்கயோ கிளம்பறீங்களா?" என்று ஹெல்மெட்டைப் பார்த்துக் கேட்டான் அவன்.

"நான் எங்கயும் ஓட மாட்டேன். இங்கயே வெச்சுக் குடுத்துடுங்க."

"வாசல்லயா? எல்லார் முன்னாடியும்னு பேசியிருந்தோமே?"

"யாரும் பாக்க வேண்டாம். சீக்கிரம் முடிச்சுட்டுப் போயிடுங்க."

மாப்பிள்ளை கண்ணை இறுக மூடிக்கொண்டு, முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். பின்னால் துணியை அவிழ்க்கிற சத்தம் கேட்டது. அதே நேரம் உள் அறைக் கதவு படாரென்று திறந்தது.

"நிறுத்துடா!"

என்ஜின் ஓட்டின தொண்டை. தெருவே திரும்பிப் பார்த்திருக்கும். மாமனார் மகளை ஒதுக்கிவிட்டு, முழங்கால் வலியை மறந்து, வெறுங்காலோடு வந்து இரண்டு பேருக்கும் நடுவில் நின்றார். அந்த உயரத்துக்கு முன்னால் வந்தவன் ஒரு படி கீழே இறங்கிவிட்டான்.

"எட்டும் எனக்கு வந்தது. எனக்கே குடு. என் மாப்பிள்ளை மேல ஒண்ணு விழுந்தது, நீ இந்தத் தெருவைத் தாண்ட மாட்டே. மாப்பிள்ளை, நீங்க தள்ளுங்க!"

மாப்பிள்ளை கண்ணைத் திறந்தார். ஒரு வருஷத்துக்குப் பிறகு மாமனார் அவரை மாப்பிள்ளை என்று கூப்பிட்டிருந்தார். ஹெல்மெட்டுக்குள் கண் கலங்கியது, துடைக்கக் கை நுழையவில்லை.

"வேண்டாம் மாமா, எனக்குத்தான். நான் கேட்டு வாங்கினது," என்றார்.

"என் பேர்ல வந்ததை நீங்க எப்படி வாங்குவீங்க? நகருங்க!"

"மாட்டேன்!"

வந்தவன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் முகம் மலர்ந்தது. துணிக்குள் இருந்த காகிதச் சுருளை மெல்ல விரித்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, தொண்டையைக் கனைத்தான்.

"ஐயா, ரெண்டு பேரும் சண்டை போடாதீங்க. மரபு மாறாத எட்டடி வெண்பா, ஒரு இடத்துலகூடத் தளை தட்டாது. மாமனாருக்கு எழுதின வாழ்த்தை மாப்பிள்ளை கேட்டபடி அவர் பேருக்கே மாத்திட்டேன், ஆனா 'எழுபது வயது'ங்கிறதை எடுத்தா எதுகை போயிடும், அதை மட்டும் அப்படியே விட்டிருக்கேன், பரவாயில்லையா?"